புலியைச் செய்தவர்களின் சம்பளக் கணக்கு

'லைஃப் ஆஃப் பை' படத்தை நம் ஊர்க்காரர்கள் ஓரளவு சொந்தப் படமாகவே கொண்டாடினார்கள். கதை தொடங்குவது புதுச்சேரியில். டைட்டில் ஓடும்போது கேட்பது பாம்பே ஜெயஸ்ரீ தமிழில் பாடிய தாலாட்டு. சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை அந்தத் தாலாட்டு போயிற்று. 2013 பிப்ரவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த விழாவில் படத்துக்கு நான்கு விருதுகள். பாட்டுக்குக் கிடைக்கவில்லை. விஷுவல் எஃபெக்ட்ஸுக்குக் கிடைத்தது.

அந்த ஒரு விருதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நானும் இந்தத் தொழிலில், உருவங்களின் விளிம்பைப் பிரிக்கும் ரோட்டோவில் தொடங்கி, பிரித்த துண்டுகளை ஒரே படமாகச் சேர்க்கும் கம்பாசிட்டிங்குக்கு வந்தவன். எங்கள் தொழிலில் பணம் எப்படி ஓடுகிறது, எங்கே போய் நின்றுவிடுகிறது என்று யாராவது கேட்டால் அந்த இரவிலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன்.

மேடையேறியவர்கள் நான்கு பேர். ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பில் வெஸ்டன்ஹோஃபர் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, கடைசியில் தன் நிறுவனம் பண நெருக்கடியில் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தார். நேரம் முடிந்துவிட்டது என்று 'ஜாஸ்' படத்தின் சுறா இசை உரக்க எழுந்தது. மைக்கை அடக்கிவிட்டார்கள். விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில்தான் ரிதம் அண்ட் ஹ்யூஸ் திவால் மனு கொடுத்திருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் மட்டும் 250 பேருக்கு மேல் வேலை போயிருந்தது. அரங்குக்கு வெளியே சில நூறு கலைஞர்கள் பதாகை பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள். வானத்தில் ஒரு சிறு விமானம் அவர்களுடைய வாசகத்தை இழுத்துக்கொண்டு வட்டமடித்தது. அதற்கடுத்த நாட்களில் உலகம் முழுக்க எங்கள் தொழில்காரர்கள் ஃபேஸ்புக்கில் தங்கள் முகத்தை எடுத்துவிட்டு வெறும் பச்சை நிறத்தை வைத்தார்கள். நாங்கள் இல்லையென்றால் திரையில் மிஞ்சுவது நடிகருக்குப் பின்னால் கட்டும் பச்சைத் துணிதான் என்று அதற்கு அர்த்தம்.

படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புலி நினைவிருக்கும். தைவானில் தைசுங் நகரத்தின் பழைய விமான நிலையத்தில் ஒரு பெரிய அலைத் தொட்டியைக் கட்டி, அதில் ஒரு படகைப் போட்டு எடுத்த படம் அது. கடல், வானம், புலி என்று கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி கணினியில் செய்தது. நிஜப் புலிகள் சில ஷாட்டுகளில் வருகின்றன. மற்றதெல்லாம் ஒவ்வொரு முடியாக வளர்த்து, நனைத்து, காயவைத்து உண்டாக்கிய புலி. அந்த வேலை லாஸ் ஏஞ்சலஸில் மட்டும் நடக்கவில்லை. மும்பை, ஹைதராபாத், கோலாலம்பூர், வான்கூவர், தைவானின் கவ்சியுங் என்று ரிதம் அண்ட் ஹ்யூஸின் எல்லாக் கிளைகளிலும் நடந்தது. சுமார் 12 கோடி டாலரில் எடுத்த படம் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த இயக்குநர் விருது வாங்கிய ஆங் லீயின் மேடைப் பேச்சில் ரிதம் அண்ட் ஹ்யூஸின் பெயர் வரவில்லை. பிறகு பத்திரிகையாளர்களிடம் பேசியபோது, விஷுவல் எஃபெக்ட்ஸ் இன்னும் மலிவானால் நல்லது என்கிற பொருளில் சொன்னார். புலியைச் செய்தவர்களை வேறு எதையும்விட அந்தப் பேச்சுதான் அதிகம் புண்படுத்தியது.

ஆங் லீ கெட்ட மனிதர் என்று சொல்ல வரவில்லை. அவர் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் விலை மட்டும்தான் தெரியும். அந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாதபடிதான் இந்த வியாபாரத்தையே அமைத்திருக்கிறார்கள்.

ரிதம் அண்ட் ஹ்யூஸ் ஒன்றும் கணக்குத் தெரியாத புதுக் கடை இல்லை. 1987-ல் ஜான் ஹ்யூஸும் நண்பர்களும் தொடங்கியது. 1995-ல் வந்த 'பேப்', 2007-ல் வந்த 'தி கோல்டன் காம்பஸ்' இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியது. விலங்குகளைப் பேசவைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஊழியர்களை மரியாதையாக நடத்தும் இடம் என்றும் தொழிலில் நல்ல பெயர். அந்த நல்ல பெயருக்கும் அவர்கள் விழுந்ததற்கும் தொடர்பு உண்டு. அது புரிய வேண்டுமானால் முதலில் 'பிட்' என்கிற விஷயம் புரிய வேண்டும்.

ஸ்டுடியோ ஒரு படத்துக்கான ஷாட்டுகளைப் பட்டியல் போட்டு நான்கைந்து விஷுவல் எஃபெக்ட்ஸ் (விஎஃப்எக்ஸ்) நிறுவனங்களுக்கு அனுப்பும். ஒவ்வொரு நிறுவனமும் ஷாட் ஷாட்டாகப் பார்த்து, இதற்கு இத்தனை மேன்-டே (ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்பு) என்று கணக்கிட்டு ஒரு மொத்த விலை சொல்லும். குறைவாகச் சொன்னவருக்கு வேலை. அந்த விலை அத்தோடு நிலைத்துவிட்டது. வேலை எவ்வளவு நீளும் என்பது மட்டும் நிலைப்பதில்லை.

வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் எழுப்பிய சுவரை இடித்து ஜன்னலை இரண்டடி தள்ளி வை என்றால், "அதுக்குத் தனிக் கூலி ஆகும் சார்" என்று அங்கேயே சொல்லிவிடுவார். எங்கள் தொழிலில் ஜன்னலைப் பத்து முறை நகர்த்துவார்கள், கடைசியில் முதலில் இருந்த இடமே நன்றாக இருந்தது என்பார்கள், கூலி அதேதான்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். நூறு ஷாட், ஒவ்வொன்றுக்கும் பத்து மேன்-டே, மொத்தம் ஆயிரம். இதன் மேல் ஐந்து சதவீதம் லாபம் வைத்து 1,050 மேன்-டேக்கான விலைக்கு நிறுவனம் ஒப்பந்தம் போடுகிறது. படத்தொகுப்பு நடக்கும்போது இயக்குநருக்கு இருபது ஷாட்டில் மனம் மாறுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நாள் கூடுதல் வேலை. நூறு மேன்-டே போயிற்று. லாபமாக இருந்த ஐம்பது காலி. மேற்கொண்டு ஐம்பது கைநட்டம். நூறில் இருபது ஷாட் மட்டும் மாறினால், நான் பார்த்த படங்களில் அது அமைதியான படம்.

கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் கேட்க ஒப்பந்தத்தில் வழி இருக்கத்தான் செய்கிறது. கேட்பதற்குத்தான் ஆளில்லை. 2013-ல் ஹாலிவுட்டில் பெரிய வேலை கொடுக்கக்கூடிய ஸ்டுடியோக்கள் ஆறு. 2019-ல் டிஸ்னி ஃபாக்ஸை வாங்கியதும் அது ஐந்தானது. இவர்களில் ஒருவரைப் பகைத்துக்கொண்டால் சந்தையில் ஐந்தில் ஒரு பங்கு கதவு சாத்திக்கொள்ளும். ரிலீஸ் தேதியோ கதை முடிவாவதற்கு முன்பே அறிவித்ததாக இருக்கும், அதையும் தள்ள முடியாது.

இப்போது ரிதம் அண்ட் ஹ்யூஸின் நல்ல பெயருக்கு வருகிறேன். ஒரு ஸ்டுடியோ தன் படத்தை மூன்று மாதம் தள்ளிவைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவுக்குச் செலவில்லை. விஎஃப்எக்ஸ் நிறுவனத்தில் அந்தப் படத்துக்கென்று உட்கார்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான பேருக்கு மட்டும் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும். படம் தள்ளிப்போன அன்றே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிற நிறுவனம் தப்பிக்கிறது. ஆட்களைத் தக்கவைத்து, மருத்துவக் காப்பீடு கட்டி, அடுத்த வேலை வரும்வரை தாங்குகிற நிறுவனம் கரைகிறது. ஆளை மதித்த இடம் முதலில் விழும்படியாக இந்தக் கணக்கு இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அவர்கள் மட்டும் விழவில்லை. ஜேம்ஸ் கேமரூனும் மற்றவர்களும் சேர்ந்து 1993-ல் தொடங்கிய, 'டைட்டானிக்' செய்த டிஜிட்டல் டொமைன், 2012 செப்டம்பரில் திவாலானது. அதற்கு முன் தி ஆர்ஃபனேஜ் 2009-ல், அசைலம் 2010-ல் மூடின. இவர்களுக்கு வேலை கொடுத்தவர்களில் லாபம் பார்த்த ஸ்டுடியோக்களும் உண்டு.

லாஸ் ஏஞ்சலஸ் கலைஞர்களின் கோபத்துக்கு இன்னொரு காரணம் மானியம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அன்று உள்ளூர் ஊழியர் கூலியில் 33 சதவீதத்தைத் தயாரிப்பாளருக்கு வரிச்சலுகையாகத் திருப்பிக் கொடுத்தது. டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் வேலை என்றால் மேலும் 17.5 சதவீதம். மத்திய அரசு கொடுப்பது தனி. இந்தப் பணம் போய்ச் சேர்வது ஸ்டுடியோவின் கணக்கில். ஷாட்டுகளைச் செய்யும் நிறுவனத்துக்குக் கிடைப்பது வான்கூவரில் ஒரு கிளை திறக்க வேண்டிய கட்டாயம்தான். சோனி இமேஜ்வர்க்ஸ் 2014-ல் தன் தலைமையகத்தையே அங்கே மாற்றிக்கொண்டது. கலைஞர்கள் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். வான்கூவரிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து மாண்ட்ரியல். பிள்ளைகள் பள்ளி மாறி மாறிப் படித்தார்கள். 2024-ல் கியூபெக் மாகாணம் தன் சலுகையைக் குறைத்ததும் மாண்ட்ரியலில் வேலை வற்றியது. மறுபடியும் பெட்டி கட்டினார்கள்.

2013-ன் அந்த நாட்களில் அமெரிக்கக் கலைஞர்கள் எழுதியதில் எங்களைப் பற்றியும் கோபம் இருந்தது. இந்தியாவில் மலிவாகச் செய்கிறார்கள், அதனால்தான் எங்களுக்கு வேலை போகிறது என்று. படிக்க வலித்தது. நான் மலிவாகச் செய்வதாக யாருடனும் ஒப்பந்தம் போடவில்லை. எனக்குக் கொடுத்ததே அவ்வளவுதான். ஆனாலும் வேலை இழந்து நிற்கிறவரின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2010 வாக்கில் ஹாலிவுட்டுக்கு 3டி வெறி பிடித்தது. சாதாரணமாக எடுத்த படத்தை 3டியாக மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒவ்வொரு உருவத்தின் விளிம்பையும் கையால் வரைந்து பிரிக்க வேண்டும். அதுதான் ரோட்டோ. விநாடிக்கு 24 ஃப்ரேம். ஐந்து விநாடி ஷாட் என்றால் 120 ஃப்ரேம். அதில் காற்றில் பறக்கும் தலைமுடியும் ஓடும் குதிரையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். மும்பையிலும் சண்டிகரிலும் ஹைதராபாத்திலும் சென்னையிலும் இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் வந்தவன். அப்பா கடன் வாங்கிப் பயிற்சி நிலையத்தில் கட்டிய பணம் ஒரு பக்கம். சேர்ந்த இடத்தில் மூன்று மாதம் சம்பளமில்லாத பயிற்சி, இரண்டு வருட பாண்ட், அசல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில். முதல் சம்பளம் ஐந்து இலக்கத்தைத் தொடவில்லை. என்னோடு அறையில் இருந்தவர்கள் மதுரை, தர்மபுரி, நாகர்கோவில் பக்கத்துப் பையன்கள். சினிமாவில் வேலை என்று ஊரில் பெருமை. படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் எங்கள் பெயர் வராது. நிறுவனத்தின் பெயர் வந்தால் அதுவே பெரிது.

வேலை வரும் வழியைப் பாருங்கள். ஸ்டுடியோ லண்டன் நிறுவனத்துக்குக் கொடுக்கும். அது தன் இந்தியக் கிளைக்கோ இன்னொரு இந்திய நிறுவனத்துக்கோ ரோட்டோ, வேண்டாததை அழிக்கும் பெயின்ட், கேமராவின் அசைவைப் பின்தொடரும் மேட்ச்மூவ் மூன்றையும் பிரித்துக் கொடுக்கும். நெருக்கடி வந்தால் அவர்கள் வடபழனியிலோ வளசரவாக்கத்திலோ இருபது பேர் வைத்து நடத்தும் சின்ன நிறுவனத்துக்குத் தள்ளுவார்கள். ஒவ்வொரு படியிலும் விலை குறையும். கெடுவும் குறையும். பெரும்பாலும் க்ளையன்ட் அப்ரூவ் செய்தால்தான் பில் போட முடியும், பில் போட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வரும். எனவே மேலே இயக்குநரின் மனம் மாறியதன் செலவு படிப்படியாக இறங்கி வந்து, பேரம் பேச வழியே இல்லாத ஆளிடம் நின்றுவிடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மானிட்டர் முன்னால் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் அவன்.

இந்த இடத்தில்தான் வெளியே யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு ரோட்டோ ஷாட்டுக்குக் குழுவின் தலைவரான லீட் மூன்று மேன்-டே கேட்கிறார். மேலிடம் இரண்டுதான் தருகிறது. பையன் பகலும் இரவுமாக இருந்து முடிக்கிறான். உண்மையில் ஆனது நான்கு நாள் உழைப்பு. டைம்ஷீட்டில் ஏறுவது இரண்டு. ஓவர்டைம் (ஓ.டி.) கொடுக்கும் வழக்கம் இல்லாததால் எட்டு மணி நேரத்துக்கு மேல் பதியவே கூடாது என்று வாய்மொழி உத்தரவு. ஆறு மாதம் கழித்து இன்னொரு படத்துக்கு பிட் போடும்போது பழைய பதிவைத் திறந்து பார்க்கிறார்கள். இந்த மாதிரி ஷாட் இரண்டு நாளில் முடிந்திருக்கிறது என்று இருக்கிறது. அதையே அடிப்படையாக வைத்து, போட்டிக்காக இன்னும் கொஞ்சம் குறைத்து, ஒன்றே முக்கால் என்று விலை சொல்கிறார்கள். எதிர்க்கடைக்காரர் ஒன்றரை என்கிறார். அந்த விலை வான்கூவருக்கும் லண்டனுக்கும் போகிறது. அங்கே இருப்பவர்களிடம், சென்னையில் இதை ஒன்றரை நாளில் முடிக்கிறார்கள் என்று அதைக் காட்டுகிறார்கள்.

கணக்கில் ஏறாத அந்த இரண்டு இரவுகள் உலகச் சந்தையின் விலையாக மாறிவிடுகின்றன. லாஸ் ஏஞ்சலஸ்காரர் எங்களால் வேலை போயிற்று என்று நினைக்கிறார். சென்னைப் பையன் நான் மெதுவாக வேலை செய்கிறேன் போலிருக்கிறது என்று தன்னையே குறைத்துக்கொள்கிறான். இரண்டு பேரையும் அழித்தது ஒரே பொய் எண்தான். லாஸ் ஏஞ்சலஸிலும் அப்படியேதான், படம் முடியும் மாதங்களில் எழுதப்படாத மணிநேரங்கள் அங்கும் குவிந்தன.

அந்த 2013 மேடையில் நின்ற நான்கு பேரில் ஒருவரான கியோம் ரோஷ்ரோன் எம்பிசி நிறுவனத்தைச் சேர்ந்தவர். கப்பல் மூழ்கும் புயல் காட்சி அவர்கள் செய்தது. எம்பிசி லண்டனில் பிறந்த நிறுவனம், டெக்னிகலர் குழுமத்தின் கையில் இருந்தது. 'தி ஜங்கிள் புக்', '1917' இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியது. 2024 டிசம்பரில் வெளிவந்து 70 கோடி டாலருக்கு மேல் வசூலித்த 'முஃபாசா'வின் சிங்கங்கள் அத்தனையும் அவர்கள் கைவேலை. படம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமமே சரிந்தது. 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு புதிய படங்கள் குறைந்துபோனது ஒரு காரணம், குழுமத்தின் பழைய கடன் இன்னொரு காரணம். அந்த எழுத்தாளர்களுக்கும் நடிகர்களுக்கும் சங்கம் உண்டு, படம் மறுபடி ஓடினால் பங்குத் தொகை உண்டு. புலிக்கும் சிங்கத்துக்கும் முடி வளர்த்தவர்களுக்கு இரண்டும் கிடையாது.

லண்டனும் அமெரிக்காவும் செய்தியில் வந்தன. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பெங்களூரு. அங்கே குழுமத்தின் கிளையில் மட்டும் சுமார் 3,000 பேர் வேலை செய்தார்கள். அதில் தமிழ்ப் பையன்களும் பெண்களும் ஏராளம். ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த மாதச் சம்பளமே கேள்விக்குறியானது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, சிங்கத்தின் பிடரிக்குக் கம்பாசிட்டிங் செய்தவன், அந்த வாரம் அழைத்தான். "அண்ணா, வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. எங்கயாச்சும் ஆள் எடுக்கறாங்களா?" என்றான். எடுக்கவில்லை. ஒரே நேரத்தில் மூவாயிரம் பேர் சந்தைக்கு வந்தால் யார் எடுப்பார்கள், எடுத்தாலும் என்ன சம்பளத்துக்கு எடுப்பார்கள்? அவன் இப்போது தர்மபுரியில் மாமாவின் கடையில் இருக்கிறான்.

ரோட்டோ வேலையை இயந்திரமே செய்துவிடும், இனி இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் தினம் பயன்படுத்தும் நியூக் மென்பொருளிலேயே 2021 முதல் சில ஃப்ரேம்களைக் காட்டி மீதியைக் கற்றுக்கொள்ளச் செய்யும் வசதி இருக்கிறது. வேலை குறையும், உண்மைதான். ஆனால் மிச்சப்படும் நாட்கள் யாருக்குப் போகும் என்பதை அதே பிட்தான் தீர்மானிக்கும். இரண்டு மேன்-டே அரை மேன்-டே ஆகும். இயந்திரம் சொதப்பிய விளிம்புகளைச் சரிசெய்யும் இரவுகள் வழக்கம்போலக் கணக்கில் வராது.

மாற வழியில்லை என்று நான் நினைக்கவில்லை. 2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டுடியோவின் சொந்த விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் சங்கம் வேண்டுமா என்று வாக்களித்தார்கள். 32 வாக்கும் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதம் டிஸ்னியின் விஎஃப்எக்ஸ் ஊழியர்களும் அப்படியே. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் ஸ்டுடியோவுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்களின் ஓ.டி.க்கு விலை வந்தால், பத்து முறை ஜன்னல் நகர்த்துவதற்கும் விலை வரும். நம் ஊரில் படப்பிடிப்பில் விளக்குப் பிடிக்கும் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது, கூடுதல் கால்ஷீட்டுக்குப் பேட்டா இருக்கிறது. வெளிநாட்டுப் படத்துக்கு ரோட்டோ போடும் பையன், நான் பார்த்தவரை, எந்தச் சங்கத்தின் கணக்கிலும் வருவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளை நான் தடுப்பதில்லை. இல்லாத ஒரு மிருகத்தின் கண்ணில் ஈரம் கொண்டுவரும் வேலை இது, எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் சேருமுன் கேளுங்கள்: பி.எஃப். பிடிக்கிறார்களா, பாண்ட் உண்டா, அசல் சான்றிதழைக் கேட்கிறார்களா, போன மாதச் சம்பளம் எத்தனாம் தேதி வந்தது என்று. கடைசிக் கேள்வியை முதலாளியிடம் கேட்காதீர்கள், கீழே டீக்கடையில் நிற்கும் அந்த நிறுவனத்துப் பையனிடம் கேளுங்கள்.

லீடாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்போது நானும் ஒரு சின்னக் குழுவுக்கு லீட். என் குழுவில் உண்மையான மணிநேரத்தைத்தான் பதியச் சொல்கிறேன். பதினான்கு மணி நேரம் என்றால் பதினான்கு. பணம் கிடைக்காவிட்டாலும் எண் இருக்கட்டும். தயாரிப்பு மேலாளர் கூப்பிட்டு, "என்ன ப்ரோ, உங்க டீம் மட்டும் இவ்வளவு காட்டுது?" என்று கேட்டார். மற்ற குழுக்களையும் உள்ளபடி எழுதச் சொல்லிப் பாருங்கள் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் போன தடவை பிட் போட உட்கார்ந்தபோது அதே மேலாளர் எங்கள் பதிவைத்தான் திறந்தார், தலைமுடி ஷாட்டுகளுக்கு மூன்றரை மேன்-டே என்று எழுதினார். க்ளையன்ட் பேரம் பேசி மூன்றுக்கு ஒத்துக்கொண்டது. இன்னும் அரை நாள் எங்கள் தலையில்தான். அதையும் பதிகிறோம்.